கரும்புத் தோட்டத்து ஓடையிலிருந்து வீட்டுக்கு மின்சாரம்: தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடாலில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

தோட்டத்துக்குள் ஓடை உள்ளவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எந்த டர்பைன் (தண்ணீர் சுழற்றும் மின் இயந்திரம்) வாங்கலாம்? அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஓடையில் எவ்வளவு தண்ணீர் வருகிறது, எவ்வளவு உயரத்திலிருந்து அதை இறக்க முடியும், செப்டம்பர் மாதத்தில் என்ன மிஞ்சும் என்ற மூன்றுக்கும் விடை தெரியாமல் வாங்கிய இயந்திரம் டிராக்டர் கொட்டகையில் துருப்பிடிக்கும். ஆகவே இங்கே அளப்பதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். இயந்திரத்துக்குச் சிறிய இடம் போதும்.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து டர்பனில் வந்து இறங்கியவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் தோட்டக் கூலி ஒப்பந்தக் காலத்தை முடித்துக்கொண்டு காய்கறியும் கரும்பும் போட்ட நிலங்கள் டோங்காட், ஸ்டாங்கர், உம்சிண்டோ பக்கங்களில் இன்னும் பல குடும்பங்களின் கையில் இருக்கின்றன. மேடும் பள்ளமுமான பூமி. சரிவு நிலம் டிராக்டர் ஓட்டுபவருக்குத் தொல்லை. ஓடையில் மின்சாரம் எடுப்பவருக்கு அதுவே முதலீடு. 2023-இல் மின்வெட்டு உச்சத்துக்குப் போனபோது பலர் கூரையில் சூரியத் தகடும் வீட்டுக்குள் பேட்டரியும் இன்வெர்ட்டரும் வைத்துவிட்டார்கள். ஓடை மின்சாரம் அவற்றுக்குப் போட்டியல்ல. அதே பேட்டரிக்கு இரவிலும் மூடிய வானத்திலும் தீனி போடும் இன்னொரு வழி.

தென்னாப்பிரிக்காவுக்கும் இது புதிதல்ல. 1895-லேயே கேப் டவுனில், டேபிள் மலையிலிருந்து இறங்கிய தண்ணீரைக் கொண்டு மோல்ட்டினோ நீர்த்தேக்கத்தின் கரையில் இருந்த கிராஃப் மின்நிலையம் நகரத்துத் தெருவிளக்குகளை எரித்தது.

எவ்வளவு கிடைக்கும்: ஒரு மனக்கணக்கு

வினாடிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது என்பதைப் பெருக்குங்கள். வந்த விடையை 5-ஆல் பெருக்குங்கள். அத்தனை வாட் கிடைக்கும். ஏட்டுக் கணக்கின்படி பெருக்க வேண்டிய எண் 9.81. குழாயின் உராய்வு, டர்பைன், ஜெனரேட்டர், கம்பி எல்லாம் ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொள்வதால் சிறிய அமைப்புகளில் பாதிதான் வீட்டுக்கு வந்து சேரும். விற்பனையாளர் 8 அல்லது 9-ஆல் பெருக்கிக் காட்டினால் புன்னகைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

வினாடிக்கு 5 லிட்டர், 20 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 500 வாட். கேட்பதற்கு அற்பமாக இருக்கும். ஒரு மின்கெட்டிலுக்குக்கூடப் போதாது. ஆனால் தண்ணீர் தூங்குவதில்லை. 500 வாட் இடைவிடாமல் ஓடினால் நாளொன்றுக்கு 12 யூனிட். இதே 12 யூனிட்டைச் சூரியத் தகட்டிலிருந்து எடுக்க நம் பகுதியில் இரண்டரை முதல் மூன்று கிலோவாட் தகடு வேண்டியிருக்கும். கெட்டில், பம்பு, சலவை இயந்திரம் போன்றவை ஒரே நேரத்தில் கேட்கும் பெரிய சக்தியைப் பேட்டரியும் இன்வெர்ட்டரும் கொடுக்கும்; ஓடை அவற்றை நிரப்பிக்கொண்டே இருக்கும்.

உங்கள் கணக்கு 100 வாட்டுக்குக் கீழே வந்தால், என் கருத்தில், பணத்தைச் சூரியத் தகட்டிலேயே போடுங்கள். ஓடை நிறைய இருந்தும் இறக்கம் இரண்டு மீட்டருக்கும் குறைவு என்றாலும் அப்படியே. தாழ்ந்த இறக்கத்துக்கு ஓடும் டர்பைன்கள் உண்டு. ஆனால் அவை கேட்கும் தண்ணீரும் கட்டுமானமும் பெரிது, வெள்ளத்தில் முதலில் போவதும் அவைதாம்.

உயரத்தை அளப்பது

கைப்பேசி காட்டும் கடல்மட்ட உயரத்தை நம்ப வேண்டாம். பத்து மீட்டர் பிசகினாலும் அது கூச்சப்படாது.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாயே போதும். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. கீழே நிற்பவர் கண் உயரத்துக்கு மேல் முனையின் நீர்மட்டம் வரும் இடத்தைக் குறித்து, அந்த இடத்துக்குக் கீழ் ஆள் ஏறி, மறுபடியும் அதையே செய்து, படிப்படியாக ஓடையில் தண்ணீர் எடுக்கப்போகும் இடம் வரை போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு படியின் உயரத்தையும் கூட்டினால் மொத்த உயரம் வரும்.

இதைவிட எளிது, தோட்டத்தில் கிடக்கும் துளையில்லாத பாசனக் குழாய்களை இணைத்து, மேலிருந்து கீழ்வரை போட்டு, தண்ணீர் நிரப்பி, கீழ் முனையில் ஓர் அழுத்தமானியை மாட்டுவது. குழாயில் காற்றுக்குமிழி இருக்கக் கூடாது, தண்ணீர் ஓடாமல் நிற்க வேண்டும். மானியில் 100 கிலோபாஸ்கல் காட்டினால் ஏறத்தாழ 10 மீட்டர் உயரம். 250 என்றால் 25 மீட்டருக்குச் சற்று மேல். அவ்வளவுதான்.

குழாய் போகப்போகும் பாதையின் நீளத்தையும் அப்போதே நாடாவால் அளந்துவிடுங்கள். 20 மீட்டர் இறக்கம் 100 மீட்டர் தூரத்துக்குள் கிடைக்கிறதா, 600 மீட்டர் தள்ளிக் கிடைக்கிறதா என்பதுதான் செலவைத் தீர்மானிக்கும்.

தண்ணீரை அளப்பது: பொறுமை வேண்டிய இடம்

நம் பகுதியில் மழை அக்டோபரிலிருந்து மார்ச் வரை. பிப்ரவரியில் ஓடையைப் பார்த்துக் கனவு காண்பது எளிது. ஆகஸ்டு, செப்டம்பரில், வசந்த மழை இறங்குவதற்கு முன்னால் ஓடையில் என்ன இருக்கிறது என்பதே உங்கள் உண்மையான கையிருப்பு. குளிர்காலத்தில் வெந்நீருக்கும் கணப்புக்கும் வீடு அதிகம் கேட்கும். அதே நேரத்தில் ஓடை குறைவாகக் கொடுக்கும். இந்த முரணை எந்த டர்பைனாலும் தீர்க்க முடியாது. எனவே குறைந்தது ஒரு வறண்ட காலமாவது அளந்து பார்க்காமல் ஒரு ரேண்டைக்கூடச் செலவழிக்க வேண்டாம்.

மிகச் சிறிய ஓடைக்கு வாளி முறை. ஓடையைக் கல்லும் பிளாஸ்டிக் தாளும் வைத்துத் தற்காலிகமாக மறித்து, முழுத் தண்ணீரையும் ஒரு பெரிய குழாய்த் துண்டு வழியாக விழச்செய்யுங்கள். 20 லிட்டர் வாளி நான்கு வினாடியில் நிறைந்தால் வினாடிக்கு 5 லிட்டர். பலமுறை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும்.

வாளி ஒரு வினாடியில் நிறைகிறது என்றால் அந்த முறை இனி உதவாது. அப்போது முக்கோண வெட்டுப் பலகை. ஒரு தடித்த ஒட்டுப்பலகையின் மேல் விளிம்பில் சரியாக 90 பாகைக் கோணத்தில், நுனி கீழே பார்த்தபடி, ஒரு முக்கோணத்தை வெட்டி எடுங்கள். பலகையை ஓடைக்குக் குறுக்கே நிறுத்தி, அடியிலும் பக்கங்களிலும் களிமண்ணால் அடைத்து, எல்லாத் தண்ணீரும் அந்த வெட்டு வழியாகவே வழியும்படி செய்யுங்கள். முக்கோணத்தின் நுனிக்கு மேல் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதை, வெட்டிலிருந்து ஒரு மீட்டர் மேலே அசையாத நீரில் நட்ட அளவுகோலில் பார்க்க வேண்டும். வெட்டின் வாயிலேயே பார்த்தால் நீர்மட்டம் சரிந்திருக்கும், அளவு குறையும்.

5 சென்டிமீட்டர் நின்றால் வினாடிக்கு முக்கால் லிட்டர். 10 சென்டிமீட்டருக்கு 4.4 லிட்டர். 15-க்கு 12 லிட்டர். 20-க்கு ஏறத்தாழ 25 லிட்டர். உயரம் இரட்டித்தால் தண்ணீர் ஐந்தரை மடங்குக்கு மேல் கூடுகிறது என்பதைக் கவனியுங்கள். அளவுகோலில் ஒரு சென்டிமீட்டரை அலட்சியமாகப் பார்க்க முடியாது. பலகை நின்றுகொண்டே இருக்கட்டும். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் வாரம் ஒருமுறை பார்த்து நாட்காட்டியில் எழுதும் வேலையை ஒப்படைத்துவிடலாம். அந்த நாட்காட்டி பின்னால் எந்தப் பொறியாளரின் அறிக்கையையும்விடப் பெறுமானம் உள்ளதாக இருக்கும்.

அளந்த தண்ணீர் முழுவதையும் எடுத்துவிடக் கூடாது. வறண்ட மாதத்து வரத்தில் பாதியையாவது ஓடையிலேயே விடுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். டர்பைன் தண்ணீரைத் தின்பதில்லை, கீழே திருப்பித் தந்துவிடுகிறது, உண்மைதான். ஆனால் தண்ணீரை எடுக்கும் மடைக்கும் டர்பைனுக்கும் இடைப்பட்ட ஓடை வறண்டுபோனால் அதிலுள்ள மீனும் தவளையும் திரும்பி வராது. அந்த இடைவெளியில் யாருடைய மாடாவது தண்ணீர் குடிக்கிறது என்றால் சங்கதி தவளையோடு நிற்காது.

தண்ணீர் குறைவாக இருக்கிறதா? டர்பைனை நினைப்பதற்கு முன் ஓடைக்கரை மரங்களைப் பாருங்கள். யூகலிப்டஸும் கறுப்பு வாட்டிலும் கரை நெடுக வளர்ந்திருந்தால் உங்கள் மின்சாரத்தை அவை குடித்துக்கொண்டிருக்கின்றன. அந்நிய மரங்களை வெட்டி ஓடைகளை மீட்பதற்காகவே அரசாங்கம் 1995-இல் 'தண்ணீருக்காக உழைப்போம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. வெட்டிய அடிமரம் மறுபடி தழைக்காமல் பார்த்துக்கொள்வது வெட்டுவதைவிடப் பெரிய வேலை.

ஒரு எச்சரிக்கை. கடற்கரைப் பகுதியின் மெதுவாக ஓடும் வெப்பமான நீர்நிலைகளில், தோல் வழியாக உடலுக்குள் புகும் பில்ஹார்சியாப் புழு உண்டு. அளக்க இறங்கும்போது முழங்காலுக்கு மேல்வரை வரும் ரப்பர் காலணி போடுங்கள். வெறுங்காலோடு தேங்கிய தண்ணீரில் நிற்காதீர்கள்.

தண்ணீர் யாருடையது

நிலம் உங்கள் பெயரில் இருக்கலாம். அதில் ஓடும் தண்ணீர் உங்களுடையதல்ல. 1998-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கத் தேசிய நீர்ச் சட்டம் தனியார் தண்ணீர் என்ற பழைய எண்ணத்தையே எடுத்துவிட்டது. நாட்டின் நீர் எல்லாம் மக்கள் சார்பில் அரசின் பொறுப்பில் இருக்கிறது. வீட்டுக்குக் குடிக்க, சிறு தோட்டத்துக்கு, மாட்டுக்கு என்று எடுப்பதற்கு அனுமதி தேவையில்லை. ஆனால் ஓடையைத் திருப்புவது, தடுப்பது, அதன் கரையையோ படுகையையோ மாற்றுவது எல்லாம் அந்தச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் பட்டியலிட்ட 'நீர்ப் பயன்பாடுகள்'. ஓடையின் போக்கை மாற்றும் மின் உற்பத்தியைச் சட்டம் தனியாகவே குறிப்பிடுகிறது. ஆபத்துக் குறைந்த சிறு பணிகளுக்கு முழு உரிமம் இல்லாமல், பொது அங்கீகாரத்தின்கீழ்ப் பதிவு செய்துகொண்டால் போதும் என்ற வழியும் உண்டு. உங்கள் பணி எந்த வகையில் வரும் என்பதை நீர்வளத் துறையின் டர்பன் மண்டல அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தைப் பதில் பயன்படாது.

மூன்று எல்லைகளை நினைவில் வையுங்கள். ஓடையிலிருந்து 32 மீட்டருக்குள் 100 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட கட்டுமானம் என்றால் சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும். ஓடைப் படுகையில் 10 கன மீட்டருக்கு மேல் மண்ணைத் தோண்டினாலும் கொட்டினாலும் அப்படியே. ஐந்து மீட்டருக்கு மேல் உயரமான கரையும் 50,000 கன மீட்டருக்கு மேல் கொள்ளளவும் உள்ள அணை, பாதுகாப்பு விதிகளுக்குள் வந்துவிடும். வீட்டுக்கான அமைப்பு இந்த மூன்றையும் தொடாமல் முடிந்துவிட வேண்டும். தொடுகிறது என்றால் பெரும்பாலும் அளவுக்கு மீறித் திட்டமிட்டிருக்கிறீர்கள்.

அலுவலகத்துக்குப் போவதற்கு முன் கீழ்ப்பக்கத்து அண்டை வீட்டாரிடம் போங்கள். கீழே சுலு குடும்பங்களின் குடியிருப்புகள் இருந்தால் அங்குள்ள பெரியவரையும் இந்துனா எனப்படும் ஊர்த்தலைவரையும் பார்த்துப் பேசுங்கள். ஓடை வற்றாது, தண்ணீர் அழுக்காகாது என்பதை இடத்துக்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள். குழாயையும் கம்பியையும் காவல் காக்கப்போவது வேலியல்ல, அந்த அறிமுகம்தான்.

மடை கட்டுவது

மடை என்பது தண்ணீரை உள்ளே விட்டு மற்றதையெல்லாம் வெளியே நிறுத்த வேண்டிய இடம். இலை, மணல், கூழாங்கல், தவளை, வெள்ளத்தில் வரும் மரக்கட்டை எல்லாவற்றுக்கும் அங்கேயே கணக்குத் தீர்க்க வேண்டும்.

பெரிய அணை கட்டாதீர்கள். முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் தடுப்பு போதும்; குழாயின் வாய் எப்போதும் முழுகியிருக்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றால் சரி. இந்த மாகாணத்து ஆறுகள் எப்படிப் பொங்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகியபோது கரையோரத் தோட்டக்காரர்கள் வெள்ளத்தில் சிக்கிக்கொண்டார்கள். தமிழ் மீனவர்களான படவாட்டான் குழுவினர் ஆறு பேர் தங்கள் படகை மறுபடி மறுபடி வெள்ளத்துக்குள் செலுத்தி நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கரைசேர்த்தார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். உங்கள் தடுப்பு பத்து ஆண்டுக்கு ஒருமுறை அடித்துக்கொண்டு போகப்படும் என்று வைத்துக்கொண்டே, இரண்டு நாளில் மறுபடி அடுக்கக்கூடியதாகக் கட்டுங்கள். டர்பைன் கொட்டகையையோ, முதியவர்கள் சொல்லும் பழைய வெள்ளக் குறிக்கும் மேலே வையுங்கள். அதற்காக இரண்டு மீட்டர் இறக்கத்தை இழந்தாலும் கவலையில்லை.

தடுப்பின் முகட்டில் சாய்வான துருப்பிடிக்காத சல்லடையைப் பதிப்பது நல்ல வழி. தண்ணீர் சல்லடையின் இடைவெளி வழியே கீழே இறங்கும். இலை அதன் மேல் வழுக்கிக்கொண்டு ஓடையோடு போய்விடும். செங்குத்தாக நிற்கும் வலையைவிடப் பல மடங்கு மேல். சல்லடைக்குப் பின் ஒரு தொட்டி. அதில் தண்ணீர் மெதுவாக நின்று நகர வேண்டும், மணல் அடியில் தங்க வேண்டும். மணலைத் திறந்துவிட அடியில் ஒரு பெரிய அடைப்பான், மிகுதி நீர் வழிய மேலே ஒரு கலிங்கு. ஓடைக்கு விடவேண்டிய பங்கு தடுப்பின் அடியில் பதித்த ஒரு துளை வழியாக முதலில் போய்விட வேண்டும். மிஞ்சியது மட்டும் உங்களுக்கு. இப்படி அமைத்தால் வறட்சியில் நாம் ஆசைப்பட்டாலும் முறை தவற முடியாது.

குழாய்: பணம் போகும் இடம்

மொத்தச் செலவில் குழாய்தான் பெரும்பாலும் முதலிடம். அதனால் எல்லோரும் இங்கே மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். பிடிக்காதீர்கள்.

அதே 5 லிட்டர், 20 மீட்டர் இறக்கம், 150 மீட்டர் நீளக் குழாயை எடுத்துக்கொள்வோம். 63 மில்லிமீட்டர் பாலித்தீன் குழாய் போட்டால் உராய்விலேயே சுமார் 10 மீட்டர் போய்விடும். பாதி மின்சாரம் குழாயைத் தேய்த்துத் தீர்ந்தது. 75 மில்லிமீட்டர் போட்டால் நான்கு மீட்டருக்குச் சற்று மேல் இழப்பு. 90 மில்லிமீட்டரில் இரண்டு மீட்டருக்குள். 110-இல் அரை மீட்டரைச் சற்றே தாண்டும். இங்கே 90 சரியான தேர்வு. 110 வாங்கினால் கூடுதல் பணத்துக்கு ஏற்ற பலன் இல்லை. பொதுவாக, மொத்த இறக்கத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உராய்வில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாயின் அழுத்தத் தரத்தைப் பாருங்கள். ஆறு பார் தரக் குழாய் 60 மீட்டர் உயர நீரைத் தாங்கும். ஆனால் வால்வைத் திடீரென்று மூடினால் ஓடும் தண்ணீர் முட்டி நின்று அழுத்தம் எகிறும். குழாய் வெடிப்பது அப்போதுதான். ஆகையால் கீழே திருகி மூடும் வால்வு போடுங்கள், கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பியதும் மூடிக்கொள்ளும் வகை வேண்டாம். குழாய் மேலிருந்து கீழ்வரை இறங்கிக்கொண்டே வர வேண்டும். நடுவில் மேடு ஏறினால் அங்கே காற்று தங்கி ஓட்டத்தைத் தடுக்கும். தவிர்க்க முடியாவிட்டால் மேட்டின் உச்சியில் காற்று வால்வு.

கரும்புத் தோட்டத்தில் குழாயைப் புதைத்தே ஆக வேண்டும். வெட்டுக்கு முன் கரும்புக்குத் தீ வைக்கும் பழக்கம் உள்ள இடத்தில், தரைமேல் கிடக்கும் பிளாஸ்டிக் குழாய் ஒரே மாலையில் உருகிப்போகும். பக்கத்துத் தோட்டத்துத் தீயும் எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை. முள்ளம்பன்றி கடிப்பதும் வெயிலில் குழாய் நொறுங்குவதும் புதைத்தால் தீர்ந்துவிடும். டிராக்டர் குறுக்கே போகும் இடத்தில் ஆழம் கூடுதலாக வேண்டும்.

டர்பைன், இப்போது

உங்களிடம் இப்போது மூன்று எண்கள் இருக்கின்றன: ஓடைக்கு விட்டது போக மிஞ்சும் வறண்ட மாத வரத்து, உராய்வு கழித்த இறக்கம், குழாயின் நீளம். விற்பவரிடம் அவற்றைக் கொடுத்தால் அவரே சொல்லிவிடுவார். தோராயமாக, இறக்கம் 20 மீட்டருக்கு மேல், தண்ணீர் குறைவு என்றால் பெல்டன் வகை: கிண்ணங்கள் பொருத்திய சக்கரத்தின் மீது நாசில் என்ற குறுகிய முனை வழியாக நீர் பீய்ச்சி அடிக்கும். இறக்கம் நடுத்தரம், தண்ணீர் கொஞ்சம் தாராளம் என்றால் டர்கோ அல்லது குறுக்கோட்ட வகை. மிகத் தாழ்ந்த இறக்கத்துக்கு விசிறி போன்ற புரொப்பெல்லர்.

செலவு குறைந்த இன்னொரு வழி, சாதாரணப் பாசன பம்பையே தலைகீழாக ஓட்டுவது. தண்ணீர் வெளியேறும் வாய் வழியாக உள்ளே விட்டால் பம்பு டர்பைனாகவும் அதன் மோட்டார் ஜெனரேட்டராகவும் வேலை செய்யும். உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். ஆனால் அதற்கு ஒரே அளவு தண்ணீர் வேண்டும். வரத்து குறைந்தால் மின்சாரம் மளமளவென்று விழுந்துவிடும். நம் ஓடைகள் பருவத்துக்குப் பருவம் மாறுவதால், இரண்டு நாசில்கள் உள்ள பெல்டனையே நான் விரும்புகிறேன். கோடை மழையில் இரண்டையும் திறந்து, குளிர்காலத்தில் ஒன்றை மூடிவிடலாம்.

கம்பியும் பேட்டரியும்

டர்பைன் வீட்டிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்கிறது, 500 வாட் வர வேண்டும் என்று வையுங்கள். 48 வோல்ட்டில் கொண்டுவந்தால் பத்து ஆம்பியருக்கு மேல் ஓடும். 16 சதுர மில்லிமீட்டர் தடித்த செம்புக் கம்பி போட்டாலும் பத்தில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும். 230 வோல்ட்டில் கொண்டுவந்தால் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் மூன்று விழுக்காடுகூட இழப்பில்லை. தூரம் கூடினால் வோல்ட்டைக் கூட்டுங்கள், செம்பைக் கூட்டாதீர்கள். செம்பு திருடர்களுக்கும் மெல்லிய கம்பி மேல் அவ்வளவு பாசம் இல்லை.

ஆனால் 230 வோல்ட் ஆளைக் கொல்லும். ஈரமான கொட்டகையில் இன்னும் எளிதாகக் கொல்லும். கம்பி வேலையையும் நிலத்தொடர்பையும் பதிவு பெற்ற மின்பணியாளர் செய்து, இணக்கச் சான்றிதழ் தர வேண்டும். எஸ்கோம் (அரசு மின்நிறுவனம்) அல்லது நகராட்சி இணைப்பு உள்ள வீட்டில் இந்த மின்சாரத்தை அதோடு சேர்ப்பதென்றால், இணைப்பு தருபவரிடம் பதிவு செய்து, அவர்கள் ஏற்றுக்கொள்ளும் இன்வெர்ட்டரைத்தான் போட வேண்டும். மின்வெட்டின்போது உங்கள் மின்சாரம் வெளிக்கம்பியில் ஏறினால், அங்கே பழுது பார்ப்பவரின் உயிர் போகும்.

சூரியத் தகட்டுக்குப் பழகியவர்கள் அடிக்கடி தவறவிடும் ஒன்று உண்டு. பேட்டரி நிறைந்ததும் தகட்டைத் துண்டித்தால் அது சும்மா கிடக்கும். டர்பைனைத் துண்டித்தால் அது வெறிபிடித்துச் சுழலும். வேகமும் வோல்ட்டும் இரண்டு மடங்கையும் தாண்டலாம், பேரிங்கும் கட்டுப்பாட்டுக் கருவியும் போய்விடும். எனவே மிகுதி மின்சாரத்துக்கு எப்போதும் ஒரு போக்கிடம் வேண்டும். வீட்டு கீசர்தான் அதற்கு ஏற்ற இடம். 150 லிட்டர் தண்ணீரை 20 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 7 யூனிட் தேவை. இரவு முழுவதும் வீடு தூங்கும்போது ஓடை அதில் பாதிக்கு மேல் செய்து வைத்துவிடும். கீசரும் கொதித்துத் தானாக நின்றுவிட்டால்? அதற்குப் பின்னால் காற்றில் வெப்பத்தை விடும் ஒரு மின்தடைச் சுருள் கட்டாயம் இருக்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கருவி வாங்கும்போது, டர்பைன் சுமையில்லாமல் ஓடினால் வரக்கூடிய உச்ச வோல்ட்டை அது தாங்குமா என்று கேளுங்கள். சூரியத் தகட்டுக்கென்று செய்த எல்லாக் கருவியும் தாங்காது.

உள்நாட்டு மலைப்பக்கம் கோடை மாலைகளில் இடி கடுமை. நீண்ட கம்பியின் இரண்டு முனைகளிலும் மின்னல் தடுப்பான் வையுங்கள்.

ஓட ஆரம்பித்த பின்

டர்பைனுக்கு முன்னால், குழாயில் ஓர் அழுத்தமானியை நிரந்தரமாக மாட்டிவிடுங்கள். அமைப்பிலேயே மலிவான பொருள் அது. மிக அதிகம் பேசுவதும் அதுதான். முதல் நாளில், வால்வு மூடியிருக்கும்போது எவ்வளவு, முழுதாக ஓடும்போது எவ்வளவு என்று இரண்டு எண்களையும் கொட்டகைச் சுவரில் பெயின்ட்டால் எழுதுங்கள். பின்னாளில் மின்சாரம் குறைந்தால் மானியைப் பாருங்கள். ஓடும்போது அழுத்தம் வழக்கத்தைவிடக் குறைவு என்றால் தொல்லை மேலே: சல்லடை அடைத்திருக்கும், அல்லது ஓடையில் தண்ணீர் குறைந்து குழாய்க்குள் காற்று போகிறது, அல்லது வழியில் எங்கோ கசிவு. அழுத்தம் வழக்கத்தைவிடக் கூடுதல், மின்சாரம் குறைவு என்றால் நாசிலில் ஏதோ சிக்கியிருக்கிறது. இரண்டும் வழக்கம்போல் இருந்து மின்சாரம் மட்டும் குறைந்தால் கம்பியிலோ ஜெனரேட்டரிலோ தேடுங்கள்.

வறட்சியில் வரத்து குறையும்போது பெரிய நாசிலைச் சிறியதாக மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் குழாய் நிறையாது, அழுத்தம் விழும், இருக்கும் தண்ணீரின் பலனும் போய்விடும். பல டர்பைன்களில் இது ஐந்து நிமிட வேலை.

சல்லடையைக் கோடை மழைக்காலத்தில் வாரம் சிலமுறையும், பெருமழைக்கு மறுநாள் கட்டாயமாகவும் பார்க்க வேண்டும். தொட்டியின் மணலை மாதம் ஒருமுறை திறந்துவிடுங்கள். பேரிங்குக்கு உற்பத்தியாளர் சொன்ன இடைவெளியில் கிரீஸ். சத்தம் மாறினால் உடனே நிறுத்திப் பாருங்கள். அலமாரியில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஒரு ஜோடி பேரிங், நீர்க்கசிவு தடுக்கும் சீல்கள், பல அளவு நாசில்கள், ஒரு உதிரி அழுத்தமானி, குழாய் இணைப்பு இரண்டு. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த இயந்திரமாக இருந்தால் இவற்றை அதோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். தனியாக வரவழைத்தால் அனுப்பும் செலவு பொருளின் விலையைத் தாண்டும்.